புதிய டொமைன் பதிவகத்துக்கு ஐக்கானில் நியாயமான இடம்: திருகோணமலையிலிருந்து தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இணையப் பெயர்களை உலகளவில் ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஐக்கான். 2012 இல் அது புதிய மேல்நிலை டொமைன்களுக்கு (.காம் போல முகவரியின் கடைசியில் வரும் பெயர்களுக்கு) விண்ணப்பம் கோரியபோது 1,930 விண்ணப்பங்கள் வந்தன. வட அமெரிக்காவிலிருந்து 911, ஐரோப்பாவிலிருந்து 675, ஆசிய பசிபிக் முழுவதிலுமிருந்து 303, இலத்தீன் அமெரிக்காவிலிருந்து 24, ஆபிரிக்காவிலிருந்து 17. அவற்றுள் வென்றவர்கள் அந்தப் பெயர்களை நடத்தும் பதிவகங்கள் ஆனார்கள். பதிவகம் ஆனவர்களுக்கே விதி எழுதும் மேசையில் பதிவகத் தரப்பின் வாக்குக் கிடைத்தது. இணையத்தின் வேரில், அதாவது மேல்நிலைப் பெயர்களின் மூலப் பட்டியலில், இன்று தமிழ் எழுத்தில் இருப்பவை .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் என்ற மூன்று பெயர்களே. மூன்றும் நாட்டுக்குரியவை. தமிழ்ப் பெயர்வெளி ஒன்றைப் பொதுவகையில், அதாவது நாட்டைச் சாராமல், நடத்தி, அந்த உரிமையோடு ஐக்கானில் எழுந்து பேசும் பதிவகம் இன்னும் வரவில்லை.

திருகோணமலையில் ஒரு கூட்டுறவு அமைப்போ நிறுவனமோ அப்படியொரு பெயரைக் கேட்க எண்ணினால், எல்லோரும் முதலில் பேசுவது சேவரைப் பற்றியும் பணத்தைப் பற்றியும்தான். பிரதிநிதித்துவம் பற்றிய பேச்சு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே எழுகிறது. அது மிகப் பிந்திய நேரம். ஐக்கானின் பதிவக ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு: இனிமேல் இயற்றப்படும் ஒருமித்த கொள்கைகளும் உங்களைக் கட்டும். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்களா, உங்களுக்கு அது கட்டுப்படியாகுமா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

எந்தக் கதவால் நுழைவது

.எல்கே அல்லது .இலங்கை என்பதன் கீழ் ஒரு பெயரை எடுத்து, அதன் கீழ் ஊர்ச் சங்கங்களுக்கும் பாடசாலைகளுக்கும் பெயர் பிரித்துக் கொடுப்பவர் ஐக்கானின் கணக்கில் பதிவகம் ஆகமாட்டார். அவர் ஒரு டொமைன் உரிமையாளர். அவருக்குரிய இடம் வணிகம் சாராதோர் குழு அல்லது சாதாரண பயனர்களுக்கான அட்-லார்ஜ் அமைப்பு.

.எல்கே போன்ற நாட்டுக்குறிப் பெயரை நடத்துவோர் சிசிஎன்எஸ்ஓ என்ற அமைப்பில் சேர்வார்கள். அதன் பேரவையில் 18 பேர். ஐந்து புவியியல் பிராந்தியங்களும் தலா மூவரைத் தெரிவு செய்கின்றன, ஐக்கானின் நியமனக் குழு மூவரை அனுப்புகிறது. ஆகவே ஆசிய பசிபிக் பிராந்தியத்துக்கு மூன்று இடம் எப்போதும் உறுதி.

பொதுவகை மேல்நிலை டொமைன் நடத்துவோருக்கு, பொதுவகைப் பெயர்களுக்கான கொள்கையை வகுக்கும் ஜிஎன்எஸ்ஓ. அங்கே பிராந்திய ஒதுக்கீடு கிடையாது. இயன்றவரை பன்முகத்தன்மை பேணப்பட வேண்டும் என்று ஐக்கானின் துணைவிதி சொல்கிறது, அவ்வளவுதான். இந்த வழிகாட்டி இவர்களுக்கானது.

மூன்று தராசுகள்

புதிய பதிவகத்தின் வாக்கு மூன்று வெவ்வேறு இடங்களில் மூன்று விதமாக எடைபோடப்படுகிறது. ஒன்றை மற்றதோடு குழப்பிக்கொள்பவர்கள் தவறான இடத்தில் வாதாடி நேரத்தை வீணாக்குவார்கள்.

முதலாவது, பதிவகங்களின் பங்குதாரர் குழு. ஒப்பந்தம் உள்ள பதிவகங்கள் கூடும் சங்கம் இது. சேர்வதற்கு முன் அதன் யாப்பை முழுதாகப் படியுங்கள். வாக்கு ஆளுக்கொன்றா, பதிவு எண்ணிக்கைக்கு ஏற்ற எடையா? ஒரே நிறுவனத்தின் கீழ் உள்ள பல பெயர்கள் ஓர் உறுப்பினராகக் கணக்கிடப்படுகின்றனவா? நிறைவெண் எவ்வளவு? பேரவை உறுப்பினர் குழுவின் கட்டளைப்படி வாக்களிப்பாரா, தன் விருப்பப்படியா? உறுப்புரிமைக் கட்டணம் எந்த அளவுகோலில்? ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தவருக்கு இந்தக் கேள்விகள் பழக்கமானவை. அந்த அனுபவம் இங்கே நேரடியாகப் பயன்படும், கணினிப் பட்டம் இல்லையே என்று ஒதுங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஜிஎன்எஸ்ஓ பேரவை. இதைத் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பேரவை இரண்டு அவைகளாக அமர்கிறது. ஒப்பந்தத் தரப்பு அவையில் பதிவகங்களுக்கு 3, பெயர்களை விற்கும் பதிவாளர்களுக்கு 3, நியமனக் குழு அனுப்பியவருக்கு 1, ஆக 7 வாக்கு. மற்றைய அவையில் வணிகத் தரப்புக்கு 6, வணிகம் சாராத தரப்புக்கு 6, நியமனக் குழு அனுப்பியவருக்கு 1, ஆக 13. வாக்கில்லாத ஒருவரும் உண்டு, மொத்தம் 21 பேர்.

ஒரு பிரச்சினையை ஆராய விடய அறிக்கை கேட்பதற்கு ஒவ்வோர் அவையிலும் காற்பங்குக்கு மேல் வேண்டும், அல்லது ஏதேனும் ஓர் அவையில் பெரும்பான்மை. அதாவது ஒப்பந்தத் தரப்பில் 4 பேர் உடன்பட்டால் போதும், மற்றைய அவை முழுவதும் எதிர்த்தாலும் அறிக்கை வரும். கொள்கை வகுக்கும் பணியைத் தொடங்க ஒவ்வோர் அவையிலும் மூன்றிலொரு பங்கு (7 இல் 3, 13 இல் 5), அல்லது ஓர் அவையில் மூன்றிலிரண்டு (7 இல் 5). பரிந்துரை மேலதிகப் பெரும்பான்மையோடு நிறைவேற இரண்டு வழி: இரு அவைகளிலும் மூன்றிலிரண்டு, அல்லது ஓர் அவையில் நான்கில் மூன்றும் மற்றதில் பெரும்பான்மையும். அப்படி நிறைவேறியதை நிராகரிக்க ஐக்கான் பணிப்பாளர் சபைக்கே மூன்றிலிரண்டுக்கு மேல் வேண்டும், 16 வாக்கில் 11.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் முக்கியமானது. மூன்று பதிவக வாக்கும் ஒன்றாக நின்று எதிர்த்தாலும் ஒரு விதியைத் தனியே தடுக்க முடியாது. மற்றைய அவையில் 10 பேரும், இங்கே மூன்று பதிவாளர்களும் நியமன உறுப்பினரும் சேர்ந்தால் அது மேலதிகப் பெரும்பான்மையாகவே நிறைவேறும். எனவே பதிவாளர் தரப்பில் ஒருவரோடாவது முன்கூட்டியே பேச்சு வைத்திருங்கள். உங்கள் பெயரை விற்கப்போகிறவர்களும் அவர்களே, அந்த உறவு எப்படியும் தேவைப்படும். இன்னொன்று: வாக்கு அவையின் முழு எண்ணிக்கையில் கணக்கிடப்படுவதால் வராமையும் நடுநிலையும் எதிர்வாக்கின் பலனையே தரும். பேரவை உறுப்பினர் வரமுடியாதபோது பதிலாள் வாக்குக்கு ஏற்பாடு செய்தாரா என்று குழுவில் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மூன்றாவது தராசைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பதிவக ஒப்பந்தமே உலகளாவிய அளவில் திருத்தப்படும்போது ஜிஎன்எஸ்ஓ வாக்களிப்பதில்லை, பதிவகங்கள் நேரடியாக வாக்களிக்கின்றன. இரண்டு நிபந்தனையும் சேர்ந்து நிறைவேற வேண்டும்: ஐக்கானுக்குச் செலுத்தப்பட்ட மொத்தக் கட்டணத்தில் மூன்றிலிரண்டைச் செலுத்தியவர்களின் ஆதரவு, கூடவே எண்ணிக்கையில் பெரும்பான்மை. இந்த எண்ணிக்கையில் ஒரு மேல்நிலை டொமைனுக்கு ஒரு வாக்கு. இருநூறு பெயர் வைத்திருப்பவருக்கு இருநூறு, உங்களுக்கு ஒன்று. முறைகேடான டொமைன்கள் மீது நடவடிக்கை எடுக்கும் கடமை 2024 ஏப்ரல் 5 இல் நடைமுறைக்கு வந்தது இந்த வழியில்தான். இங்கே சிறிய பதிவகத்தின் பலம் வாக்கில் இல்லை. வாக்கெடுப்புக்கு முன் ஐக்கானோடு பேச்சுவார்த்தை நடத்தும் அணியில் சிறியவர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று குழுவில் கேட்டுப் பெறுவதில் இருக்கிறது. அணி அமைக்கப்படும் வாரத்திலேயே எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தத்துக்கு முந்திய காலம்

2012 இல் விண்ணப்பித்தவர்கள் எதை எதிர்பார்த்தார்களோ அதே ஒப்பந்தம் அவர்கள் கைக்கு வரவில்லை. 2013 ஏப்ரலில் பெய்ஜிங் கூட்டத்தில் அரசுகளின் பிரதிநிதிகள் அமரும் அரச ஆலோசனைக் குழு புதிய பாதுகாப்பு நிபந்தனைகளைக் கேட்டது. திருத்திய அடிப்படை ஒப்பந்தம் 2013 ஜூலையில் அங்கீகாரம் பெற்றது, பொதுநலக் கடப்பாடுகள் அதில் இடம்பிடித்தன. முதல் நான்கு புதிய பெயர்கள் வேரில் ஏறியது 2013 ஒக்டோபரில். கட்டணம் கட்டி முடித்து, விலகினால் பணம் முழுதாகத் திரும்பாமல், உறுப்புரிமையும் இல்லாமல் இருந்த இந்த இடைக்காலத்தில்தான் விதிகள் மாறின.

அப்போது விண்ணப்பதாரர்கள் பதிவகக் குழுவுக்குள்ளேயே தங்களுக்கென ஓர் ஆர்வக்குழு அமைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் இருந்தவை வெறும் 22 பொதுவகைப் பெயர்கள். பழையவர்களும் புதியவர்களும் ஒரே அறையில் அமர வைக்கப்பட்டதால் உரசல் இருக்கவே செய்தது. இருந்தும் அதற்குள் இருந்தவர்களுக்கு வரைவுகள் முன்கூட்டியே கிடைத்தன.

ஆகவே விண்ணப்பம் அனுப்பிய வாரத்திலேயே விண்ணப்பதாரர் குழுவிலோ பார்வையாளர் நிலையிலோ சேருங்கள். வாக்கு இராது. மின்னஞ்சல் பட்டியலும் கூட்ட இணைப்பும் கிடைத்தால் போதும். நகரப் பெயர் என்றால் நகர, பிராந்தியப் பெயர்களை நடத்துவோருக்கான தனி ஆர்வக்குழுவும் பதிவகக் குழுவுக்குள் உண்டு. உங்கள் அளவிலுள்ள, உங்கள் சிக்கல் புரிந்த பதிவகங்கள் அங்கேதான் இருப்பார்கள்.

பண உதவியைக் கேட்பவர்கள் நாட்காட்டியை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். 2026 விண்ணப்பச் சுற்றின் மதிப்பீட்டுக் கட்டணம் 227,000 அமெரிக்க டொலர். தகுதியுள்ளோருக்கு 75 முதல் 85 சதவீதம் வரை குறைப்பு அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த உதவிக்கான விண்ணப்பம் 2024 நவம்பரில் தொடங்கி, பிரதான விண்ணப்பக் காலம் தொடங்கும் முன்னரே மூடிவிட்டது. 2012 சுற்றில் நிலை இன்னும் மோசம்: உதவி கேட்டவர்கள் மூவர், பெற்றவர் ஒருவர். செய்தி உரிய இடங்களுக்குப் போய்ச் சேரவேயில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நியாயமான பிரதிநிதித்துவம் பற்றிப் பேசுவோர் முதலில் பேச வேண்டியது இதைத்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

குரலைக் குத்தகைக்குக் கொடுக்காதீர்கள்

பெயர்ச் சேவர்கள், தரவுத்தளம், பதிவாளர் இணைப்பு ஆகிய பின்தள வேலைகளை அங்கீகாரம் பெற்ற சேவை வழங்குநரிடம் ஒப்படைக்கலாம். சிறிய பதிவகத்துக்கு அதுவே சரியான முடிவு. சிக்கல் வருவது, "கூட்டங்களுக்கும் நாங்களே போகிறோம், உங்கள் சார்பில் வாக்கையும் பார்த்துக்கொள்கிறோம்" என்று அவர் சொல்லும்போது. பின்தள வழங்குநருக்கு ஒரு புதிய விதி மேலதிக சேவைக் கட்டணமாக மாறலாம். உங்களுக்கு அதே விதி செலவு. ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: ஐக்கானில் வாக்கும் கருத்தும் பதிவகத்துக்கே உரியவை, கொள்கை மாற்றங்களின் செலவு மதிப்பீட்டை, கேட்டு ஏழு நாளுக்குள் வழங்குநர் எழுத்தில் தர வேண்டும். இரண்டாவது வரியின் பயன் கீழே தெரியும்.

வரைவுக் குழுவில் ஒரு நாற்காலி

பேரவையின் வாக்கு கடைசிக் கட்டம். விதியின் சொற்கள் அதற்கு வெகுமுன்னரே பணிக்குழுவில் தீர்ந்துவிடும். சேர்வதற்கு முன் ஆர்வ வெளிப்படுத்தல் படிவம் நிரப்ப வேண்டும்: யாருக்கு வேலை செய்கிறீர்கள், யார் பணம் தருகிறார், விளைவால் உங்களுக்கு என்ன நன்மை. பின்தள வழங்குநருடனான உறவை மறைக்க வேண்டாம். பின்னால் தெரியவந்தால் உங்கள் நல்ல வாதமும் அடிபட்டுப்போகும்.

பணிக்குழுக்கள் ஒரே மாதிரி அமைவதில்லை. சில எல்லோருக்கும் திறந்தவை. சிலவற்றில் தரப்புக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை உண்டு. 2018 இல் பதிவுத் தரவு பற்றி அமைந்த குழுவில் பதிவகங்களுக்கு மூன்று இடமே இருந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேல்நிலைப் பெயர்கள் சார்பில். எண்ணிக்கை வரையறுத்த குழு என்றால் நேரே இடம் கேட்டு மல்லுக்கட்டாமல் மாற்று உறுப்பினர் இடத்தைக் கேளுங்கள். அது எளிதில் கிடைக்கும், வரைவுகள் எல்லாம் கைக்கு வரும்.

முடிவில் தலைவர் ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஐந்து நிலைகளில் ஒன்றைக் குறிப்பார்: முழு ஒருமிப்பு, ஒருமிப்பு, வலுவான ஆதரவு ஆயினும் கணிசமான எதிர்ப்பு, கருத்துப் பிரிவு, சிறுபான்மைக் கருத்து. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையிலுள்ள கோடுதான் சிறிய பதிவகத்தின் போர்க்களம். "கணிசமான எதிர்ப்பு" என்று குறிக்கப்பட்ட பரிந்துரையைப் பேரவை தயங்கியே தொடும். தொலைபேசியில் சொன்ன எதிர்ப்பு காற்றோடு போகும். அன்றே இரண்டு பந்தியில் மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்புங்கள். தலைவர் குறித்த நிலை தவறென்று பட்டால் அதையும் உடனே எழுத்தில் மறுக்கலாம்.

நாற்பது நாள்

வரைவு வெளியானதும் பொதுக் கருத்துக்கு வழமையாக 40 நாள் விடப்படும். நீண்ட காலம் போலத் தெரியும். ஆனால் பதிவகக் குழு தன் கூட்டுக் கருத்தை எழுதி, உறுப்பினரிடம் காட்டி, வாக்குக்கு விடவும் அதே நாட்களில்தான் நேரம் வேண்டும். முதல் மூன்று நாளில் பரிந்துரைகளை மட்டும் படித்து, செலவு வைப்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள் பின்தள வழங்குநரிடம் செலவு மதிப்பீடு கேளுங்கள், பதினோராம் நாள் அது கையில் இருக்கும். பதினான்காம் நாளுக்குள் உங்கள் பந்தியைக் குழுவின் வரைவாளரிடம் கொடுத்துவிடுங்கள். முப்பதாம் நாள் கொடுத்தால் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். கூட்டுக் கருத்து உங்கள் நிலைக்கு மாறாக வந்தால் தனியாக ஒரு கருத்து அனுப்பத் தடையில்லை.

கருத்தில் மூன்று மட்டும் இருந்தால் போதும்: பரிந்துரை இலக்கம், அது உங்கள் அளவுள்ள பதிவகத்துக்கு என்ன செய்யும், அதற்குப் பதிலாக நீங்கள் தரும் வாசகம். "சிறியவர்களுக்கு இது அநீதி" என்று மட்டும் எழுதினால் சுருக்க அட்டவணையில் ஒரு வரியாகிவிடும். "24 மணிநேரத்துக்குள்" என்ற இடத்தில் "இரண்டு வேலைநாளுக்குள்" என்று மாற்ற வேண்டும், காரணம் மூவர் பணிபுரியும் பதிவகத்தில் இரவுப் பணிக்கு ஆளில்லை, மூன்று இரவுப் பணியாளருக்கு ஆண்டுச் செலவு இவ்வளவு என்று எழுதினால் வரைவாளர் அதைத் தொட்டே ஆகவேண்டும். ஒப்பீட்டுக்கு நிரந்தரக் கட்டணத்தைக் காட்டுங்கள். 2012 சுற்றின் ஒப்பந்தத்தில் அது காலாண்டுக்கு 6,250 டொலராக இருந்தது, பின்னர் சற்றுக் கூடியது. விற்பனை ஐம்பதாயிரமாக இருந்தாலும் ஐந்நூறாக இருந்தாலும் அந்த நிலையான தொகை ஒன்றே. சிறியவர் மீது சுமை எப்படி ஏறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

திருகோணமலையிலிருந்து பங்கெடுக்கும்போது

எங்கள் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால். 13 மணிக் கூட்டம் இங்கே மாலை 6.30, சிரமமில்லை. 21 மணிக் கூட்டம் மறுநாள் அதிகாலை 2.30. நேரச் சுழற்சி இல்லாத குழுவில், அதைக் கோரும் முதல் மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். ஆண்டில் மூன்று பெருங்கூட்டங்கள், அவற்றில் ஆண்டுப் பொதுக்கூட்டம் பெரும்பாலும் ஒக்டோபர், நவம்பரில் வரும். வடகீழ்ப் பருவமழை இங்கே இறங்கும் காலமும் அதுதான். ஃபைபர் இணைப்போடு வேறொரு நிறுவனத்தின் கைப்பேசித் தரவும், நான்கு மணிநேரம் தாங்கும் மின்கலமும் வைத்திருங்கள். எண்ணிக்கை வாக்கெடுப்பு நடக்கும் வேளையில் இணைப்பு அறுந்தால் அந்த வாக்கு இல்லை.

இருவரையாவது நியமியுங்கள். ஒருவர் மட்டும் என்றால் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடுவார், அவர் விலகும்போது அறிவும் போய்விடும். கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். பெருங்கூட்டங்களின் முக்கிய அமர்வுகளுக்குக் கிடைக்கும் மொழிபெயர்ப்பில் தமிழ் இல்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பக்கத்தில் தமிழ் அறிக்கை எழுதி உங்கள் சபைக்குக் கொடுப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

அந்தச் சபை யார் என்பதும் கேட்கப்படும். .திருகோணமலை போன்ற நகரப் பெயரை நகரின் தேவைக்கே கேட்டால், உரிய அரச அதிகாரியின் ஆதரவுக் கடிதமோ ஆட்சேபனையின்மைக் கடிதமோ விண்ணப்பத்தோடு வேண்டும். எந்த அதிகாரி கையொப்பமிடலாம் என்பதை உள்ளூராட்சி மன்றம், மாவட்டச் செயலகம், மாகாண நிர்வாகம், கொழும்பிலுள்ள அமைச்சு ஆகிய நான்கிடமும் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள். தவறான கையொப்பத்தால் நின்றுபோன விண்ணப்பத்தைப் பிறகு எழுப்புவது பெரும்பாடு. கூடவே, இந்த மாவட்டம் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழும் இடம். பெயர்களை ஒதுக்கும் குழுவில் நகர்ப்புறத்தார் மட்டும் இருந்து கிண்ணியாவும் மூதூரும் கந்தளாயும் வெளியே நின்றால், ஆட்சேபனை அங்கிருந்தே வரும், அது நியாயமானதாகவும் இருக்கும். ஐக்கானில் சிறியோருக்கு இடம் கேட்கும் பதிவகம் தன் யாப்பிலேயே அந்த இடத்தை எழுதி வைத்திருக்க வேண்டும்.

தமிழ் எழுத்து என்பதால் ஒரு தொழில்நுட்பக் குறிப்பு: "ஸ்ரீ" என்பதைக் கணினியில் இரண்டு விதமாகக் குறியேற்றலாம், திரையில் ஒன்றேபோலத் தெரியும். "ஔ" வும் "ஒள" வும் அப்படியே குழப்பும். ஒன்றேபோலத் தோன்றும் இத்தகைய வடிவங்களுக்கான மாற்றுவடிவ விதிகள் பேசப்படும் குழுக்களில் தமிழ் படித்தவர் ஒருவர் இருப்பது உங்கள் பதிவகத்தின் தனிப் பலம். மற்றவர்கள் உங்களைத் தேடி வரும் ஒரே துறையும் இதுவாக இருக்கலாம், அங்கிருந்தே தொடங்குவது நல்லது.

முடிவு எதிராக வந்தால்

பணிப்பாளர் சபையோ ஐக்கான் பணியாளரோ துணைவிதிக்கு மாறாக நடந்தார்கள், அல்லது முக்கியமான தகவலைக் கவனியாமல் முடிவெடுத்தார்கள் என்று காட்ட முடிந்தால் மீள்பரிசீலனை கோரலாம். காலம் 30 நாள். முடிவு பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. எந்தத் துணைவிதி மீறப்பட்டது அல்லது எந்தத் தகவல் கவனிக்கப்படாமல் விடப்பட்டது, உங்களுக்கு என்ன பாதிப்பு என்பதைச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன மின்னஞ்சல்கள், நாற்பது நாளுக்குள் அனுப்பிய கருத்து, செலவு மதிப்பீடு ஆகியவை திகதியோடு ஒரே கோப்பில் இருந்தால் அந்த விண்ணப்பத்தை ஒரு வாரத்தில் எழுதி முடிக்கலாம். இல்லாவிட்டால் 30 நாளும் பழைய கடிதங்களைத் தேடுவதிலேயே போய்விடும்.